நாற்பத்தேழு நிமிடங்கள்

வில்ஃப் பாக்னலை நான் வெறுக்க ஆரம்பித்தபோது எனக்கு ஏழு வயது. அப்போது அவரை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. அப்பா வேலையிலிருந்து வந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, “இன்னைக்கும் அந்த பாக்னல் பய என்னைக் கேனையனாக்கிட்டான்” என்பார். அம்மா உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, “நீ எதுக்கு ஆகுற, சிரில்?” என்று கேட்பாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது இது நடக்கும்.

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் அந்தக் காலத்தில் பாதி வீடுகள் கார் தொழிற்சாலைகளை நம்பித்தான் இருந்தன. அப்பா ஹார்கம்ப் தொழிற்சாலையில் நேரம் குறிப்பவர். கழுத்தில் நிறுத்துக் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு வேலையாளின் பக்கத்தில் போய் நிற்பார். அந்த ஆள் பாகங்களைச் சேர்த்து ஒரு சாமானைப் பூட்டி முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து எழுதுவார். அந்த நிமிடத்தை வைத்துத்தான் சாமானுக்கு இவ்வளவு கூலி என்று ஆபீஸ் தீர்மானிக்கும். சீக்கிரம் முடித்தால் கூலி குறையும். இது தெரிந்த எவனாவது கடிகாரக்காரர் பக்கத்தில் நிற்கும்போது சீக்கிரம் முடிப்பானா? அது அப்பாவுக்கும் தெரியும். தெரிந்தும் போய் நிற்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

காரின் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் பெட்டியைப் பூட்டும் இடத்தில் ஆறு பேர் ஒரு குழுவாக இருந்தார்கள். அதில் இளையவர் வில்ஃப். அப்பா வருவது தெரிந்தால் மற்ற ஐந்து பேரும் வேறு வேலை இருப்பதுபோல நகர்ந்துவிடுவார்கள். வில்ஃப் மட்டும் வேலை மேசையருகே நிற்பார். நடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் அந்தப் பொறுப்பு அவருக்கு. ஒரு ஸ்பேனரை எடுப்பார், வெளிச்சத்தில் பார்ப்பார், வைத்துவிட்டு அதே அளவில் இன்னொன்றை எடுப்பார். அளந்ததை மறுபடி அளப்பார். கையைத் துடைப்பார், துணியை மடிப்பார், மடித்த துணியால் மறுபடி துடைப்பார். ஒரு பெட்டிக்கு நாற்பத்தேழு நிமிடம். “இவ்வளவு வேகமா மெதுவா வேலை செய்யுற ஆளை நான் பார்த்ததே இல்ல” என்று அப்பா சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சீட்டில் நாற்பத்தேழு என்றே எழுதினார். மிச்ச நேரத்தில் அந்த ஆறு பேரும் கொதிகலன் அறைக்குப் பின்னால் சீட்டாடினார்கள். ஒருவர் தெருவில் இருந்த சைக்கிளையெல்லாம் பழுது பார்த்தார்.

ஹார்கம்ப் லிங்டன் என்பது அவர்கள் பெட்டி பூட்டிய காரின் பெயர். பெரிய அழகி என்று சொல்ல முடியாது. நாலு கதவு, வட்ட விளக்கு, டாக்டர்களும் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்களும் ஓட்டிய கார். ஆனால் அதன் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் வேறு காரை மெச்சமாட்டார்கள். நேராகப் போகும்போது கல் மாதிரி நிற்கும். வளைவில் விரலால் திருப்பலாம். வளைவு முடிந்ததும் சக்கரம் தானாக நேருக்குத் திரும்பி வரும். அந்தப் பெட்டிக்குள் காகிதத்தைவிட மெல்லிய பித்தளைத் தகடுகள் இருக்கின்றன. ஒன்று கூடினால் இறுகிவிடும், ஒன்று குறைந்தால் கார் குடிகாரன் நடையில் போகும். எத்தனை தகடு என்று வரைபடத்தில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணில் ஒரு பெட்டிகூடச் சரியாக அமைந்ததில்லை. பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். அதைச் சரியாக உட்கார வைக்க அந்த ஆறு பேரும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே கூலியில் கை வைப்பார்களே!

தொழிற்சாலையை மூடியபோது வரைபடங்களைக் குப்பைத் தொட்டியில் கொட்டினார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு சோபாக் கடை இருக்கிறது. அப்பா போய்ச் சேர்ந்தார். நான் முப்பத்துநாலு வருடம் ஒரு விமான உதிரிபாகக் கம்பெனியில் அளவு பார்க்கும் அறையில் இருந்தேன். ஓர் அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூடினாலும் திருப்பி அனுப்புவேன். அங்கே என்னை ஒருவருக்கும் பிடிக்காது, எனக்கு அதில் வருத்தமும் கிடையாது. ஓய்வு பெற்றதும் சாம்பல் நிற லிங்டன் ஒன்றை வாங்கினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அப்பாவால் கடைசிவரை ஒன்று வாங்க முடியவில்லை, அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

லிங்டன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அப்போது சாலையில் ஓடியவை நூற்றுப் பன்னிரண்டு. நாற்பது வயது தாண்டிய காருக்கு வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை என்று அரசாங்கம் கையைக் கழுவிவிட்டதால், எங்கள் கார்களை நாங்களே சோதித்துக்கொள்வோம். உதிரிபாகம் பார்க்கும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை என்று என் தலையில் கட்டினார்கள். முதல் வேலையாக ஒரு ஸ்டியரிங் பெட்டியை எடுத்துக்கொண்டு, ராட்ஃபர்டில் ஒரு வரிசை வீட்டின் பின்பக்கத்து ஷெட்டுக்குப் போகச் சொன்னார்கள். நாட்டில் அதைப் பூட்டத் தெரிந்த ஒரே ஆள் அங்கேதான் இருக்கிறாராம். கதவில் எழுதியிருந்த பாக்னல் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு உருளைக்கிழங்கு வாசனை வந்தது.

பழுப்பு மேலங்கிக்கு உள்ளே டை கட்டிய ஒரு குள்ள மனிதர் திரும்பிப் பார்த்தார்.

“யாரு?”

“ஹிலரி பெஸ்விக். சங்கத்துல இருந்து வரேன்.”

“பெஸ்விக்கா?” ஸ்பேனரைக் கீழே வைத்தார். “சிரில் பெஸ்விக்குக்கு என்ன வேணும் நீ?”

“மக.”

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். “நோரா! கடிகாரக்காரர் மக வந்திருக்கா! வீடு தேடி வந்து நேரம் குறிக்கப் போறாங்க நமக்கு!”

“நல்லதாப் போச்சு, உள்ள கூப்பிடு,” என்று அவர் மனைவியின் குரல் வந்தது. “சமையக்கட்டுக் குழாய் ஒழுகுதுன்னு சொல்லி மூணு மாசமாச்சு. அதையும் சேத்துக் குறிச்சுக்கச் சொல்லு.”

ஏழு வயதிலிருந்து வளர்த்த வெறுப்பு அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. சனிக்கிழமை தவறாமல் ஊர்க் கால்பந்து அணி தோற்பதைப் பார்க்கப் போவார், திங்கட்கிழமைவரை யாரோடும் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை மாவுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுட்ட பலகாரம். ஷெட்டில் ரேடியோ கிடையாது, அவரே விசிலடித்துக்கொள்வார். ஒரு பாட்டின் முதல் இரண்டு அடிதான் தெரியும். என்னை ஒருபோதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் கண்ணு, கேலி செய்தால் கடிகாரக்காரர் மக.

ஏழு வருடம் போனேன். நான் கொண்டுபோனது பத்தொன்பது பெட்டி. இரண்டாவது பெட்டியிலிருந்து படம் பிடிக்கவும் ஆரம்பித்தேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது, அவருக்குப் பிறகு யாருமில்லை என்பது எனக்குத் தெரியாதா? அனுமதி கேட்டபோது, “எடுத்துக்கோ, எடுத்துக்கோ, என் நல்ல பக்கமா எடு” என்றார். படம் ஒருபக்கம் ஓட, நான் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவேன். ‘தகட்டைக் கட்டை விரலால் நீவுகிறார், ஐந்து முறை.’ ‘பெட்டியில் காதை வைத்துக் கேட்கிறார், பதினோரு நொடி.’ ‘கால் சுற்று இறுக்கி, அரைக்கால் சுற்று தளர்த்துகிறார்.’ நாலு நோட்டு நிறைந்தது. ஒவ்வொரு தடவையும் முடிவில் முதுகை நிமிர்த்தி, “கண்ணு, கெட்டில வையேன், தொண்டை காஞ்சு போச்சு” என்பார். நோராவுக்கு முட்டி வலி என்பதால் டீ போடும் கெட்டில் என் பொறுப்பு. பேட்டரி வீணாகக் கூடாது என்று கேமராவை அணைத்துவிட்டுப் போவேன். நான் மூன்று கோப்பையோடு திரும்பி வரும்போது பெட்டி மூடி, போல்ட் போட்டு, துடைத்து வைத்திருக்கும்.

நோரா இறந்ததற்கு அடுத்த ஜனவரியில் வில்ஃபுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு காலும் பாதி வாயும் போயின. கைகள் தப்பித்தன. ஏர்ல்ஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஷெட்டை வீட்டோடு விற்றாயிற்று. சங்கத்துக் கூட்டத்தில் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தலைவர் ஜெரால்ட் ஆர்மராட் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஓய்வு பெற்ற பல் டாக்டர். வலிக்காது என்று சொல்லிச் சொல்லியே பழகிய முகம்.

“எதுக்குக் கவலைப்படணும்? அதான் நம்ம ஹிலரி எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காளே.”

கைதட்டினார்கள். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன். நாலு நோட்டையும் இருபத்திரண்டு பக்கக் கையேடாக்கி அச்சடித்தோம். அதன்படி முதல் பெட்டியை நானே பூட்டினேன். ராய் ஹாலம், பெரில் தம்பதியின் பச்சை லிங்டனுக்கு. இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். ஐந்து முறை நீவினேன். பதினோரு நொடி காதை வைத்துக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, வில்ஃபுக்குக் கேட்பது எனக்குக் கேட்குமா என்று விட்டுவிட்டேன். அளவெல்லாம் சரி. மேசையில் வைத்துத் திருப்பியபோது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று.

ஜூன் மாதம், சங்கத்து ஆண்டு ஊர்வலம் முடிந்து ராயும் பெரிலும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெட்டி சூடேறியிருக்கிறது. ஓர் இடது வளைவில் ராய் சக்கரத்தைத் திருப்பினார், அது திரும்பி வரவில்லை. வேலியை உடைத்துக்கொண்டு போய் ஒரு பண்ணை வாசலின் கல்தூணில் மோதினார்கள். மடியில் காலிச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த பெரிலுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. வயது எழுபத்துநாலு. இனி நாலு கால் நடைச்சட்டத்தைப் பிடிக்காமல் நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ராய் எனக்குப் போன் செய்தார். “ஹிலரி, அது திரும்பி வரல” என்றார். பிறகு, “உன்னைக் குத்தம் சொல்லல” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து வேறு வேலை எதுவும் ஓடவில்லை. படங்களையெல்லாம் போட்டுப் பார்த்தேன். நான் எதை விட்டேன்? எந்த இடத்தில் தப்பாக எழுதினேன்? நாலாவது நாள் பகலில், ஒன்பதாவது படமோ பத்தாவதோ, “கண்ணு, கெட்டில வையேன்” என்று வில்ஃப் சொல்லும் இடத்தில் படத்தை நிறுத்தினேன். எல்லாப் படத்திலும் கடைசி வரி அதுதான். அந்தக் கடைசிக் காட்சியில் ஒரு பெட்டிகூட மூடியிருக்கவில்லை. ஸ்பேனரை வெளிச்சத்தில் பார்ப்பது, துணியை மடிப்பது, மடித்த துணியால் துடைப்பது, எல்லாம் அப்பா வீட்டில் வந்து நடித்துக் காட்டியதுதான். என் கண்முன் ஏழு வருடம் நடந்ததை நான் வரி விடாமல் எழுதி, அச்சடித்து, பெரிலின் இடுப்பை உடைத்திருக்கிறேன். உண்மையான வேலை நான் பால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்திருக்கிறது.

நொறுங்கிய காரிலிருந்து அந்தப் பெட்டியைக் கழற்றினேன். அடி அதன் மேல் படவில்லை. சுத்தம் செய்து, தகடுகளை ஒரு தகர டப்பியில் போட்டு, இரண்டு ஸ்பேனரோடு காய்கறிப் பையில் வைத்து இல்லத்துக்கு எடுத்துப் போனேன். வில்ஃப் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். அங்கேயும் டை கட்டியிருந்தார், யாரோ கட்டிவிட்ட முடிச்சு.

“பதினெட்டுப் படத்தையும் பாத்துட்டேன், வில்ஃப். எல்லாத்துலயும் கடைசில கெட்டில்.”

அவர் வாயின் ஒரு பக்கம் அசைந்தது. பேச்சு குழறும், ஆனால் நிதானமாகக் கேட்டால் புரியும்.

“டீ நல்லாப் போடுவ நீ.”

எனக்கு வந்த கோபத்தில் அந்த நாற்காலியைப் பிடித்து உலுக்கியிருப்பேன். “பெரில் இடுப்பு உடைஞ்சு கெடக்கா! நான் பூட்டின பெட்டி. நீங்க காட்டின மாதிரி பூட்டின பெட்டி!”

அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கேட்டதும் அழுதார். முகத்தில் பாதிதான் அழுதது, மறுபாதி சும்மா இருந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. கைக்குட்டையை எடுத்து நானே துடைத்துவிட்டேன்.

“ஏன் இப்படிச் செஞ்சீங்க?”

“நீ பென்சிலோட உக்காந்துட்ட… கழுத்த சாச்சுக்கிட்டு… உங்கப்பன் நிக்கிற மாதிரியே. கை தானாப் போச்சு, கண்ணு.”

“பதினோரு நொடி காதை வச்சுக் கேட்டீங்களே, அதுவும் தானாப் போச்சா?”

அழுதுகொண்டிருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுல… ஒண்ணும் கேக்காது. அது உனக்காகப் புதுசாச் சேத்தது.”

“சரி, போனது போகட்டும். இப்பச் சொல்லுங்க. நூத்திப் பதினோரு கார் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு பெரில் உக்காந்திருக்கா.”

தலையை ஆட்டினார். இல்லை என்று.

“சத்தியம். ஆறு பேரும். ஆபீஸ்காரங்களுக்குச் சொல்றதில்ல.”

“ஆபீஸே இல்லயே! அங்க சோபா விக்கிறான். எங்கப்பா செத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்க கூட்டாளிங்க அஞ்சு பேரும் போயாச்சு. இப்ப யாருக்குப் பயப்படுறீங்க?”

“அதான் கண்ணு,” என்றார். “யாருகிட்ட கேட்டு மீறுறது?”

நான் வாதாடினேன், கெஞ்சினேன், கொஞ்சம் கேவலமாகவும் பேசினேன். கார்கள் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, “இரும்புதானே, நிறுத்திடுங்க” என்றார். தன் வாழ்நாளில் பாதியை அந்த இரும்புக்குக் கொடுத்த மனிதர். கடைசியில் பையிலிருந்து பெட்டியை எடுத்து, சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையில் வைத்தேன்.

“இந்த ஒண்ணையாவது பூட்டிக் குடுங்க. நான் பாக்கல.”

அவர் கை அதற்குள் பெட்டியின் மேல் போயிருந்தது. விரல்கள் டப்பியைத் திறந்தன.

“திரும்பிக்க.”

திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன். எதிரே தீ விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அறிவிப்பும் அதற்கு மேல் ஒரு கடிகாரமும் இருந்தன. பென்சிலைக் கையில் எடுக்கவில்லை. பின்னால் அந்தப் பாட்டின் முதல் இரண்டு அடி, பாதி வாயால் காற்றாக வந்தது. மெல்லிய உரசல். ஏதோ மூன்று முறை தட்டும் சத்தம், இரும்பில் இரும்பு படும் சத்தமாகத் தெரியவில்லை. பிறகு சத்தமே இல்லை, வெகுநேரம். பிறகு ஸ்பேனர்.

“முடிஞ்சுது.”

ஒன்பது நிமிடம். திரும்பி, பெட்டியின் தண்டைப் பிடித்துச் சுழற்றினேன். நடுவில் இலேசாக, மிக இலேசாக ஒரு பிடி. அதைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. விட்டால் தானாக நடுவுக்கு வர ஆசைப்பட்டது. நான் இரண்டு நாள் பூட்டிய அதே பெட்டி, அதே தகடுகள்.

“எழுதிக்க,” என்றார் வில்ஃப்.

“என்னத்த எழுத? நான்தான் பாக்கலயே.”

“நாப்பத்தேழு நிமிஷம். உங்கப்பன் எழுதின மாதிரி.”

“அவரை நீங்க ஏமாத்தினீங்க.”

“யாரு ஏமாத்தினா?” நிமிர்ந்து உட்கார முயன்றார். “ஒரு நா… கதவோரமா நின்னு முழுசாப் பாத்தாரு. வாட்ச் ஓடுது கைல. நான் அவரைப் பாத்துட்டேன், அவரும் என்னைப் பாத்துட்டாரு. ஒம்பது நிமிஷம். வாட்சைப் பாக்கெட்ல போட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாரு. மறுநா சீட்டுல நாப்பத்தேழு. கடைசி வரைக்கும் நாப்பத்தேழுதான்.”

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் அப்பா முழுசாகப் பார்த்திருக்கிறார். அந்த வழி அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உருளைக்கிழங்குக்கு அந்தப் பக்கம், அத்தனை வருடமும் அது உட்கார்ந்திருந்திருக்கிறது. பாக்னல் பய என்னைக் கேனையனாக்கிட்டான் என்று அவர் புலம்பியதெல்லாம் அவருடைய நடிப்பு. வில்ஃபைவிட நன்றாகத்தான் நடித்திருக்கிறார்.

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். நாற்பத்தேழு என்று எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை வில்ஃப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெட்டியை என் சாம்பல் லிங்டனில் மாட்டினேன். கெனில்வொர்த் சாலையில் ஒவ்வொரு வளைவு முடிந்ததும் சக்கரம் என் விரல்களுக்கிடையே வழுக்கித் தானாகத் திரும்பி வந்தது. நான் சாலையோரம் நிறுத்தி அழுதேன். நவம்பரில் வில்ஃப் இறந்தார். பதினொரு பேர் வந்தோம். தேவாலயத்திலிருந்து கல்லறைவரை ஐந்து லிங்டன்கள் போயின, முன்னால் நான். அந்த ஐந்தில் இரண்டின் பெட்டிகள் அப்போதே தளர்ந்திருந்தன. அவற்றைப் பழுது பார்க்க ஆளில்லை என்று ஓட்டி வந்தவர்களுக்கும் தெரியும்.

ஜனவரிக் கூட்டத்தில் ஜெரால்ட் தொண்டையைச் செருமினார். “ஹிலரி, உன் வண்டில இருக்கிற அந்தக் கடைசிப் பெட்டி… அதைப் பிரிச்சு அளந்து பாத்தா போதுமே? வில்ஃப் வச்ச அளவு வச்சபடி உள்ளதானே இருக்கு?”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பெட்டியாவது இன்னும் இருபது வருடம் ஓடியிருக்கும். நான் எழுதிய நாற்பத்தேழுக்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஜெரால்ட் வாயைத் திறப்பதற்கு முன்பே, எத்தனையோ நாளாக, நான் அதை மனசுக்குள் பிரித்துக்கொண்டுதான் இருந்தேன். எதிரில் ஒரு பெட்டி இருக்கிறது, அதற்குள் ஓர் அளவு இருக்கிறது, அதை அளக்காமல் விட எனக்கு வராது. முப்பத்துநாலு வருடம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். அப்பாவுக்கு வாட்சைப் பாக்கெட்டில் போடத் தெரிந்திருந்தது.

வீட்டு காரேஜில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பிரித்தேன். போல்ட்டுகளுக்கு எண் போட்டேன். ஒவ்வொரு தகடும் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பென்சிலால் குறித்தேன். படம் எடுத்தேன். மூன்று தகடு. நான் முன்பு வைத்த அதே மூன்று தகடு! அளவில் ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை. அப்படியே, குறித்தபடியே, திரும்பப் பூட்டினேன். தண்டு பாதி தூரத்தில் இறுகி நின்றது. கழற்றிப் பூட்டினேன். இந்தத் தடவை தொளதொளவென்று ஆடியது. அவர் மூடிய நேரத்தில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே என்னவோ இருந்திருக்கிறது. தட்டியதா, உரசியதா, சத்தமில்லாமல் இருந்த அந்த வெகுநேரமா? நான் திறந்தபோது அது போய்விட்டது. இன்னொரு காரின் பெட்டியிலும் செய்து பார்த்தேன். அதுவும் இறுகியது.

இனி லிங்டன்களைச் சாலையில் ஓட்ட வேண்டாம், கண்காட்சிக்கு இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவும் என்று உறுப்பினர்களுக்கு எழுதும் கடிதத்தை என்னையே தட்டச்சு செய்யச் சொன்னார்கள். செய்து அனுப்பினேன். கையேட்டின் மிச்சப் பிரதிகளை மறுசுழற்சித் தொட்டியில் போட்டேன். ராய் மட்டும் ஒரு பதில் போட்டிருந்தார், பெரில் விசாரித்ததாக.

போன வாரம் பதினோராவது தடவை பூட்டிப் பார்த்தேன். வரவில்லை. தகடுகளைத் துணியில் வரிசையாக வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தினேன். தொண்டை காய்ந்து போயிருந்தது. சமையலறைக்குப் போய்க் கெட்டிலை வைத்தேன். தண்ணீர் கொதிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், காரேஜ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவசரப்படாமல் டீயை ஊறவிட்டேன். கோப்பையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். பெட்டி நான் விட்டுப்போனபடியே பிரிந்து கிடந்தது.